மூன்றாம் மாலைச் சொற்பொழிவு

அந்த நோட்டீஸை என் கணவர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இளஞ்சிவப்புக் காகிதம். பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் வருகிறார்கள், உயர்நிலைப் பள்ளி மண்டபத்தில் அடுத்தடுத்து மூன்று மாலை பேசுவார்கள், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று அச்சடித்திருந்தது. முதல் நாள் சட்டம், இரண்டாம் நாள் இலக்கியம், மூன்றாம் நாள் மருத்துவத்தில் புதிய முன்னேற்றங்கள். கீழே சின்ன எழுத்தில், 'பெண்களுக்குத் தனி இடம் உண்டு.'

"மூணாம் நாள் பேசுதது ஒரு பொம்பளை டாக்டராம்" என்றார் அவர். "மெட்ராஸ்ல பெரிய பிரசவ ஆஸ்பத்திரியில இருக்காகளாம். நீ வாரியா?"

முப்பதுகளின் கடைசி. யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் சென்னையிலும் மதுரையிலும் உள்ள வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அருவியில் குளிக்கக் குற்றாலத்துக்கு வந்து வீடு பிடித்துத் தங்குவார்கள். அவர்களை நம்பித்தான் பல்கலைக்கழகத்தார் தென்காசியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்கள் வருவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பாளையங்கோட்டையில் படித்துத் தேறி, பெண்கள் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. கணவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வயிற்றில் நாலு மாதம். இது எங்கள் இருவரையும் என் அம்மாவையும் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லப் பயமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அக்கா முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், ஆண் குழந்தையைப் பெற்று ஒன்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தையை வீரகேரளம்புதூரில் அதன் அப்பா வீட்டார் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கடைசி மூன்று நாள் பிதற்றலைப் பக்கத்திலிருந்து கேட்டவள் நான். எனக்கும் அப்படித்தான் ஆகும் என்று நான் யாரிடமும் சொல்லாமல் முடிவு செய்து வைத்திருந்தேன்.

இன்னொன்றும் முடிவு செய்து வைத்திருந்தேன். அக்காவைக் கொன்றவள் அவளுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. தெருவில் அவள் எதிரே வந்தால் நான் மறுபக்கம் போய்விடுவேன்.

முதல் நாள் மண்டபத்தில் நல்ல கூட்டம். பெண்கள் பக்கத்தை மூங்கில் தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். சட்டம் பேசியவர் மெலிந்த மனிதர், நிதானமான இங்கிலீஷ். தலைமை ஆசிரியர் இடையிடையே எழுந்து தமிழில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்வார். கணவன் இறந்தால் மனைவிக்குச் சோறும் துணியும்தான் என்று இருந்தது போய், இப்போது மகனுக்குச் சமமாக அவளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று புதுச் சட்டம் வந்திருப்பதை அவர் விளக்கினார். சட்டம் என்பதை நான் அதுவரை பொதிகை மலை மாதிரி நினைத்திருந்தேன். யாரும் செய்யாதது, யாராலும் நகர்த்த முடியாதது. அதை நாலு பேர் உட்கார்ந்து பேசி மாற்றலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

என் பக்கத்தில் அச்சன்புதூரிலிருந்து வந்த ஒரு கைம்பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். என் மணிக்கட்டைப் பிடித்து, "என்ன சொல்லுதாரு?" என்றாள். சொன்னேன்.

"வயலுமா?"

"தெரியலையே."

"கேளுட்டி. இங்கிலீஷு தெரிஞ்சு வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கியே."

எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தட்டிக்கு மேலே தலையை நீட்டி இங்கிலீஷில் கேட்டேன். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. விவசாய நிலம் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று அவர் சொன்னார். அவளிடம் அதைத் தமிழில் சொன்னதும் அவள் தட்டிக்கு அப்பால் கேட்கும்படி உரக்கவே பேசினாள்.

"வீட்டையும் பாத்திரத்தையும் குடுத்துட்டு வயலை அவனே வச்சுக்கிடுவான்னா, அந்தப் பாத்திரத்துல எதைப் போட்டுப் பொங்க?"

அதையும் நான் இங்கிலீஷில் சொன்னேன். வக்கீல்கள் சிரித்தார்கள். பேச்சாளர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். "இவ்வளவு தெளிவாக இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை" என்றார். அச்சன்புதூர்க்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்குத் தாண்டிப் போய் ஒரு பெரிய மனிதரை எழுத வைப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கூட்டம் முடிந்ததும் தலைமை ஆசிரியர் என் கணவரைக் கூப்பிட்டார். மூன்றாம் நாள் வருகிற டாக்டரம்மா மலையாளத்துக்காரர், தமிழ் புரியும், பேசக் கூச்சப்படுகிறார், பிரசவ விஷயங்களை ஆண்பிள்ளை எழுந்து மொழிபெயர்த்தால் நன்றாக இருக்காது, உங்கள் வீட்டம்மாள் மேடையில் நின்று சொல்வார்களா என்று கேட்டிருக்கிறார். இவர் என்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

இரண்டாம் நாள் இலக்கியம். வயதான பேராசிரியர், நல்ல கனத்த குரல். பழைய கவிஞர்கள் மலையையும் மழையையும் எப்படிப் பார்த்தார்கள் என்று தமிழில் பேசினார். பாதிப் பேச்சில் சாரல் காற்றோடு ஜன்னல் வழியாக உள்ளே அடித்தது. ஜன்னலைச் சாத்த ஓடியவர்களை அவர் கையமர்த்தித் தடுத்து, தன் காகிதங்களை மடித்து வைத்துவிட்டு, "நான் பேசுவதை நிறுத்துகிறேன். இதைக் கேளுங்கள்" என்றார். அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் ஓட்டின் மேல் மழை விழுவதைக் கேட்டோம். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். அன்று அது எனக்கு வேறாகக் கேட்டது. ஆனால் என் மனம் பாதி மறுநாளில் இருந்ததால் அவர் சொன்ன பாட்டு ஒன்றும் நினைவில் தங்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானமே டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. வெள்ளைக் கைத்தறிச் சேலை, கையில் வளையல் கிடையாது, ஒட்ட வெட்டிய நகம். பேசப் போவதை எனக்கு முன்கூட்டியே மெதுவாக விளக்கினார். இடையில் தலைமை ஆசிரியரிடம், "ஊரிலுள்ள மருத்துவச்சிகளைக் கூப்பிட்டீர்களா?" என்று கேட்டார். ஆள் அனுப்பியிருப்பதாக அவர் சொன்னார்.

மாலையில் மண்டபத்தில் நிற்க இடமில்லை. படம் காட்டுகிற விளக்குப் பெட்டி ஒன்று வந்திருந்தது. கண்ணாடித் துண்டில் உள்ள படத்தைச் சுவரில் கட்டிய வேட்டியில் பெரிதாகக் காட்டும். மேடையிலிருந்து பார்த்தால் தட்டிக்கு உள்ளேயும் தெரிந்தது. பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்குப் பிரசவம் பார்த்தவள் அங்கே இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிறகுதான் வெளித் தாழ்வாரத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பதைக் கண்டேன். அவள் சாதியில் பிறந்தவர்கள் உள்ளே வந்து எங்களோடு சரிசமமாக உட்கார மாட்டார்கள். எல்லோர் வீட்டிலும் பிள்ளையைத் தொட்டு எடுக்கிறவள், மண்டபத்துக்கு வெளியே நின்றாள்.

டாக்டரம்மாவும் கண்டார். "அவர் யார்?" என்று என்னிடம் கேட்டார். மருத்துவச்சி என்றேன். அவர் மேடையை விட்டு இறங்கி ஜன்னலருகே போய், தம் தட்டுத் தடுமாறிய தமிழில், "அம்மா, நீங்க உள்ளே வரணும். நீங்க கேட்கத்தான் நான் வந்தது" என்றார்.

'நீங்க.' ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைகூட அவளை 'வா, போ' என்றுதான் சொல்லும். மண்டபத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. அவள் வந்து தட்டியின் ஓரத்தில், யாரையும் தொடாமல் உட்கார்ந்தாள்.

விளக்குகளை அணைத்தார்கள். வேட்டியில் வெளிச்ச வட்டம் ஒன்று விழுந்தது. அதில் ஊதா நிறத்தில் சின்னச் சின்ன மணிகள், மாலை மாலையாகக் கோத்தது போல.

"இது கண்ணுக்குத் தெரியாத உயிர்" என்று டாக்டரம்மா இங்கிலீஷில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். "ஒரு ஊசி முனையில் ஆயிரக்கணக்கில் இருக்கும். பிரசவித்தவளுக்கு வருகிற காய்ச்சல் பேயாலும் வருவதில்லை, காற்றாலும் வருவதில்லை. இதனால் வருகிறது."

நான் திரும்பி அந்த மணிமாலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அக்காவைக் கொன்றது இதுவா? இத்தனை அழகாகவா இருக்கும்? அழுகை வரவில்லை. கோயிலில் முதல் முறையாகக் கருவறைத் தீபம் பார்த்த பிள்ளை மாதிரி வாயடைத்துப் போனேன். டாக்டரம்மா என் தோளைத் தொட்ட பிறகே அடுத்த வாக்கியத்தைக் கவனித்தேன்.

அவர் சொன்னது இது: 'பிரசவம் பார்க்கிற நம்முடைய கைகள்தான் இதை ஒரு தாயிடமிருந்து இன்னொரு தாய்க்குக் கொண்டுபோகின்றன.'

நான் சொன்னது இது: "மருத்துவச்சி கைதான் இதைக் கொண்டாந்து தாய்க்குக் குடுக்குது."

வேண்டுமென்றே சொன்னேனா? இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். ஆமாம், வேண்டுமென்றுதான். வாய் தவறியது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு உரிமை இல்லை. சொல்லும்போது தட்டியின் ஓரத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

இருட்டில் அவள் எழுந்து நிற்பது வெளிச்ச வட்டத்தின் விளிம்பில் தெரிந்தது.

"அப்பம் நாந்தான் கொன்னேனா?" என்றாள். சண்டைக்குக் கேட்ட குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். "வாத்தியாரம்மா, உங்க அக்காவ நாந்தான் கொன்னேனா? அவளுக்கு முந்தின வாரம் மேலகரத்துல ஒருத்தி காய்ச்சல்ல கிடந்தா. அவளுக்கும் நாந்தான் பாத்தேன். அங்கன இருந்துதான் நேரா இங்கன வந்தேன். இந்தக் கைதான்."

இரண்டு கைகளையும் விரித்து முன்னால் நீட்டினாள். படப் பெட்டியின் வெளிச்சத்தில் அந்த விரல்களின் நிழல் வேட்டியில் மணிமாலைகள் மேல் பெரிதாக விழுந்தது. கூட்டத்தில் ஒருத்தி, "பாவி" என்றாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அது நான் பறஞ்சதில்லை" என்று தமிழும் மலையாளமும் கலந்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "மருத்துவச்சி கை என்று நான் பறஞ்சில்ல. நம்ம கை. நம்ம எல்லாரும். என் கையும்."

விளக்கை ஏற்றச் சொன்னார். அதன்பின் மொழிபெயர்ப்புக்கு என்னை எதிர்பார்க்காமல், வார்த்தை கிடைக்காத இடங்களில் நின்று தேடித் தேடித் தாமே பேசினார்.

"நான் படிச்சு முடிச்ச முதல் வருஷம். வார்டில் ஒரு பெண்ணுக்கு இந்தக் காய்ச்சல். அவளுக்கு மருந்து வச்சுக் கட்டினேன். உடனே பக்கத்து அறையில் ஒரு பிரசவம், அவசரம், ஓடி வா என்று கூப்பிட்டாங்க. கை கழுவினேன். கழுவினது போதாது. எனக்குத் தெரியும் போதாது என்று. நேரம் இல்லை என்று நினைச்சேன். அந்தப் பெண் ஆறாம் நாள் மரிச்சு. பத்தொன்பது வயசு. நான் இந்த உயிரையெல்லாம் கண்ணாடியில் பார்த்தவள், பரீட்சை எழுதினவள். இந்த அம்மாவுக்கு யாரும் காட்டலை. நம்ம ரெண்டு பேரில் யார் தப்புக் கூடுதல்?"

படித்த ஒருவர், அத்தனை ஜனத்துக்கு நடுவில், யாரும் கேட்காதபோது, என்னால் ஒருத்தி செத்தாள் என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அதற்குப் பிறகும் அதிகம் கேட்டதில்லை. அவர் பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றியும் புதுக் கருவிகளைப் பற்றியும் என்னவெல்லாமோ சொல்லியிருப்பார். அன்று நான் கண்ட முன்னேற்றம் அந்த ஒரு வாக்கியம்.

பிறகு அவர் கைகழுவும் விதத்தை ஒரு செம்பு வெந்நீரும் சோப்பும் வைத்துக்கொண்டு செய்து காட்டினார். நகத்தை வெட்டு, முழங்கை வரை தேய், கொதித்த தண்ணீர், கொதித்த துணி. கடைசியாக ஒரு சிவப்பு மாத்திரையை உயர்த்திக் காட்டினார். சாயப் பொருளிலிருந்து சீமையில் கண்டுபிடித்திருக்கிறார்கள், இந்தக் காய்ச்சலுக்கு இதுவரை மருந்தே கிடையாது, இப்போது இது வந்திருக்கிறது என்றார். "எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சில பேருக்கு வரும். வந்தால் மறைக்காதீங்க. அன்றைக்கே சொல்லுங்க."

மறுநாள் காலை ரயிலுக்கு முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் பள்ளிக்குப் போனேன். எனக்கு முன்பே மருத்துவச்சி அங்கே இருந்தாள். ஜன்னலோரம் பித்தளைக் குழாய் வைத்த பூதக்கண்ணாடி ஒன்றில் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். தெப்பக்குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு.

"ஏ அம்மா!" என்றாள். "ஓடுது! வாலை ஆட்டிக்கிட்டு ஓடுது! இதையா நாம குடிக்கோம்?" நிமிர்ந்து என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் நகர்ந்து இடம் விட்டு, "பாருங்க வாத்தியாரம்மா" என்றாள்.

பார்த்தேன். ஒரு சொட்டுக்குள் ஒரு ஊரே நடமாடிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்து எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று தெரியாது. டாக்டரம்மா தம் கத்திரிக்கோலை எடுத்து அவள் கையைப் பிடித்து, ஒவ்வொரு நகமாகத் தாமே வெட்டிவிட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். என்னிடம் டாக்டரம்மா கேட்டது ஒன்றுதான்: "உனக்கு எத்தனை மாதம்?" அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு காய்ச்சல் மானியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, எப்படிப் பார்ப்பது என்று சொல்லித் தந்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்ததும், "என்னிடம் அல்ல" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அவளைத்தான் பிரசவம் பார்க்கக் கூப்பிட வேண்டும் என்று நான் சொன்னபோது அம்மா பெரிய ரகளை செய்தாள். "ஒரு மகளைக் குடுத்தது போதாதாட்டி?" என்றாள். மேலகரத்திலிருந்து வேறொருத்தியை ஏற்பாடு செய்கிறேன் என்றாள். "அந்த வேற ஒருத்தி பூதக்கண்ணாடியில பாக்கலியே அம்மா" என்றேன். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. என் கணவர் என் பக்கம் நின்றதால் நடந்தது.

ஏழாம் மாதம் மருத்துவச்சி என் வயிற்றைப் பார்க்க வந்தாள். வழக்கம்போலக் கொல்லைப்புறமாக வந்தாள். படுத்தபடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் மாத்திச் சொன்னேன். உங்க மேல இருந்த வெறுப்புல சொன்னேன்" என்றேன். முதல் தடவையாக 'உங்க' என்றேன்.

அவள் வயிற்றைத் தடவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்லா" என்றாள். "எங்கண்ணைப் பாத்துச் சொன்னியளே. ஆனா நீங்க மாத்திச் சொல்லலேன்னா நான் எந்திரிச்சிருக்க மாட்டேன். ஓரத்துல உக்காந்து கேட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவள் ஆறுதலுக்காகச் சொன்னதாகவும் தெரியவில்லை.

மார்கழியில் ஒரு நாள் விடிகாலை, அம்மா வீட்டில் வலி கண்டது. பத்து மணிக்குள் பெண் குழந்தை. அறையைக் கழுவி, துணிகளைக் கொதிக்க வைத்து, அவள் ஒரு கால் மணி நேரம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதை அம்மா கதவருகே நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். எல்லாம் டாக்டரம்மா காட்டியபடி. ஒன்றும் விட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் எனக்குக் குளிர் எடுத்தது.

மருத்துவச்சி புறங்கையை என் கழுத்தில் வைத்தாள். காய்ச்சல் மானியை வைக்கச் சொன்னாள். நான் எடுத்துப் பார்த்து எண்ணைச் சொன்னேன். அவளுக்கு எண் தெரியாது. என் குரல் போதுமாயிருந்தது. பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பவுமா?" என்றாள். "இவ்வளவு கழுவியுமா?"

"சில பேருக்கு வரும்னு அவுகதான் சொன்னாகளே" என்றேன். பல் அடித்துக்கொண்டது.

அவள் எழுந்து நேராக முன்கட்டுக்குப் போனாள். அங்கே அம்மாவும் என் கணவரும் இருந்தார்கள். உள்ளே படுத்திருந்த எனக்கு அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"இளையவளுக்குக் காய்ச்சல் வந்துட்டு. அன்னைக்கு மூத்தவளுக்கு வந்தப்பம் மூணு நாள் மறைச்சேன். என்னை அடிச்சு வெரட்டிருவீகன்னு பயந்து மறைச்சேன். வெந்நி வச்சுக் குடுத்தா சரியாயிரும்னு நினைச்சேன். இன்னைக்கு மறைக்கல. என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. அந்தச் செவப்பு மாத்திரை வேணும். இப்பமே வேணும்."

அம்மா என்ன செய்வாளோ என்று நான் காத்திருந்தேன். பிறகு அம்மா என் கணவரிடம், "ரயிலுக்கு நேரமாச்சு, ஓடுங்க" என்றாள்.

உள்ளூர் டாக்டர் அந்த மருந்தைப் பற்றிப் படித்திருந்தார், கையில் இல்லை. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். என் கணவர் அதை வாங்கிக்கொண்டு திருநெல்வேலிக்கு ரயிலேறி, இரண்டு மருந்துக் கடையில் இல்லை என்று மூன்றாவதில் கண்டுபிடித்து, சாயங்கால வண்டியில் திரும்பினார். அந்தப் பகல் எனக்குச் சரியாக நினைவில்லை. அக்கா பிதற்றியது போல நானும் பிதற்றியிருக்கிறேன். மண்டபத்து வேட்டியில் பார்த்த மணிமாலைகள் மச்சு முழுவதும் தொங்குவதாகச் சொன்னேனாம். நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்த கை மட்டும் தெரியும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் முதல் மாத்திரை. குழைத்த குங்குமம் போன்ற சிவப்பு. மறுநாள் காய்ச்சல் அப்படியே நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. என் தோல் லேசாகச் சிவந்தது, சிறுநீரும் சிவப்பாகப் போனது. அதைப் பார்த்து மருத்துவச்சி பயந்து டாக்டரிடம் ஓட, மருந்தின் சாயம்தான், பயப்படாதே என்று சொல்லி அனுப்பினார். அதற்கும் மறுநாள் மத்தியானம் திடீரென்று வேர்த்தது. தலையணை நனைந்தது. காய்ச்சல் மானியை எடுத்துப் பார்த்தேன். நம்பிக்கையில்லாமல் உதறி மறுபடி வைத்தேன். அதே எண். எனக்குப் பசித்தது.

பசிக்கிறது என்று நான் சொன்னதும் அம்மா கஞ்சி வைக்க அடுக்களைக்கு ஓடினாள். எங்கோ கண்காணாத தேசத்தில், துணிக்குச் சாயம் போடுகிற பொருளை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் இரவும் பகலும் உட்கார்ந்திருக்கிறார். அது ஒரு மாத்திரையாகிக் கப்பலேறி, ரயிலேறி, என் கணவரின் சட்டைப் பையில் வந்து, அம்மா வீட்டு உள்ளறையில் என் நாக்கில் கரைகிறது. அக்காவை எடுத்துக்கொண்டது என்னை விட்டுவிட்டுப் போகிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது? இன்று பேத்திகளுக்கு மாத்திரை ஒரு பொருட்டே இல்லை. எனக்கு இன்றும் ஒரு மாத்திரையைக் கையில் வாங்கினால் ஒரு கணம் நின்று பார்க்கத் தோன்றும்.

ஒன்பதாம் நாள் விடிந்தபோது அம்மா என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அன்று முழுவதும் எழுந்து போகவில்லை. பொழுது சாய்ந்ததும் எழுந்து, அடுக்களையில் மருத்துவச்சிக்கு இலை போட்டு, தானே பரிமாறினாள். இரண்டு பேரும் அக்காவைப் பற்றிப் பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

டாக்டரம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதிலில் என்னைப் பற்றி இரண்டு வரி, மருத்துவச்சியைப் பற்றி ஒரு பக்கம். அவர் எழுதிய சிபாரிசில் அவள் மறுவருஷம் திருநெல்வேலிக்குப் போய்ச் சில வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டு, கைகழுவ ஒரு பீங்கான் பூசிய பாத்திரமும் துணிப்பையும் கொண்டு திரும்பினாள். ஊரில் சிலர் கேலி செய்தார்கள். சில வீடுகளில் பழக்கமில்லாத சட்டமெல்லாம் பேசுகிறாள் என்று அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். காய்ச்சல் வந்ததும் அவர்களே ஆள் அனுப்பினார்கள்.

ஒருமுறை பண்ணையார் வீடு ஒன்றில் பேரன் பிறந்திருந்தான். பிள்ளை பார்க்க நானும் போயிருந்தேன். வயலிலிருந்து வந்த பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அறைக்குள் நுழையப் போனார். ஊரே எழுந்து நிற்கும் மனிதர். அவள் வாசலில் குறுக்கே நின்றாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க அண்ணாச்சி."

"என்ன சொல்லுதே நீ?"

"சோப்பு அங்கன இருக்கு. முழங்கை வரைக்கும். நகத்துக்குள்ளயும்."

அவர் அவளைப் பார்த்தார், உள்ளே படுத்திருந்த மருமகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். பெரியவர் மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவினார். அவள் செம்பிலிருந்து வெந்நீரை ஊற்றிக்கொண்டே, "இன்னொரு தடவை" என்றாள்.